கொதிக்கும் சாம்பாரும் பிளாஸ்டிக் டப்பாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்திருந்தும், சென்னையில் கொதிக்கக் கொதிக்கக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு சுற்றித் தரப்படும் பார்சல் சாம்பார் இன்னும் நின்றபாடில்லை. பிளாஸ்டிக்கைப் பற்றிய கவலைகளில் பெரும்பகுதி இந்தச் சூட்டில்தான் தொடங்குகிறது. பிளாஸ்டிக்கில் கலக்கப்படும் வேதிச் சேர்மானங்கள் பலவும் அதனோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. வெப்பம், எண்ணெய், புளிப்பு, நாள்கணக்கில் இருப்பு ஆகியவை கூடக் கூட அவை உணவுக்குள் இறங்குவதும் கூடுகிறது. சாம்பாரில் முதல் மூன்றும் ஒன்றாகவே உள்ளன. எனவே, கடைக்கு எவர்சில்வர் தூக்கை எடுத்துச் செல்வது நல்லது. மறந்துவிட்டால், வீடு வந்ததும் உடனே பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆறட்டும் என்று மணிக்கணக்கில் வெளியே விட்டுவைப்பதும் தவறே. சென்னை வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருக்கும் உணவில் கிருமிகள் பெருகிவிடும். அந்த ஆபத்து பிளாஸ்டிக்கை விட உடனடியானது.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால், அதாவது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை என்றால், எதையும் ஊற்றலாம் என்பது பரவலான நம்பிக்கை. அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 70 டிகிரி நீரில் பால்பொடி கலக்கும் முறையில் சோதிக்கப்பட்ட பாலிபுரோப்பிலீன் பால்புட்டிகள் லிட்டருக்கு 1.62 கோடி வரை பிளாஸ்டிக் நுண்துகள்களை வெளியிட்டன. அவை உடலில் என்ன செய்கின்றன என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆயினும், பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து, ஆறிய பின் புட்டியில் ஊற்றுவது பெரிய வேலையல்ல. ‘மைக்ரோவேவுக்கு ஏற்றது’ என்ற முத்திரையையும் இப்படியே அளவோடு நம்ப வேண்டும். டப்பா உருகாது என்பதற்கு மேல் அதை நீட்டிப் படிக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர் கேன். 20 லிட்டர் கேன்களில் பல பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கால் ஆனவை; அதன் மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ, ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், அன்றாடம் உட்கொள்ளத்தக்க அதன் அளவை ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, 20,000 மடங்கு குறைத்தது. ஒரு கேன் குடித்ததும் நோய் வரும் என்பதல்ல இதன் பொருள். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைக்கப்பட்ட கேனைத் தவிர்த்து, நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த பாட்டிலையும் ஒதுக்கலாம்.

ஐஸ்கிரீம் டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: குளிர்ச்சிக்கென்று செய்த டப்பாவில் புளிப்பும் எண்ணெயும் மாதக்கணக்கில் நிற்கின்றன. பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடி பரணில் இருந்தால் இறக்கலாம். எத்தனை முறை தேய்த்தும் மஞ்சள் கறை போகாத, உள்ளே கீறல் விழுந்த டப்பாக்களை இனி உணவுக்கு வைக்காமல், சீயக்காயோ திருகாணியோ போட்டுவைக்கப் பயன்படுத்தலாம்.