.303 பெரிதா, 7.62 பெரிதா? ரவையின் இலக்கத்தை வாசிக்கப் பழகுவோம்

போன மாரியில் மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் வட்டைக்காவலுக்கு (வயல்காவலுக்கு) மாமாவோடு பரணில் இருந்தேன். பன்றி வரவில்லை, நித்திரையும் வரவில்லை. மாமா கேட்டார்: "மருமகன், முந்நூற்றி மூணு பெருசா, ஏழு அறுவத்திரண்டு பெருசா?"

சத்தத்தை வைத்தே இது ரி-56 (சீனத் தயாரிப்பு இராணுவத் துவக்கு), இது வேறு என்று சொல்லக்கூடியவர்கள் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த இலக்கம் எதை அளக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். அன்று மாமாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

துவக்குக்குள் போடும் முழுச் சாமானும் ரவை. முன்னால் பறந்து போவது சன்னம். வெடித்த பிறகு கையில் மிஞ்சுவது கோது. கோதுக்குள் மருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் கேப். இவற்றைக் குழப்பினால் மேலே ஒன்றும் விளங்காது.

படி 2: முதல் இலக்கம் அகலம் மட்டுமே

கலிபர் என்பது குழலின் உள் அகலம். .303 என்பது அங்குலக் கணக்கு. 25.4 ஆல் பெருக்கினால் 7.7 மில்லிமீற்றர். 7.62 ஏற்கெனவே மில்லிமீற்றரில் இருக்கிறது. ஆக, மாமா கேட்ட இரண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்லை. முந்நூற்றுக்குப் பக்கத்தில் ஏழு சின்னதாகத் தெரிவது நம் கண்ணின் பிழை.

12 போர் துவக்கின் கணக்கு வேறு. (இந்தப் போர் சண்டை இல்லை, குழல் துவாரம்.) ஒரு இறாத்தல் ஈயத்தில் ஒரே அளவாகப் பன்னிரண்டு குண்டு வார்த்தால், அதில் ஒரு குண்டு நுழையும் அகலம்தான் 12 போர், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதனால் இங்கே இலக்கம் குறையக் குறையக் குழல் பெருக்கும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடித் திரிந்த சாமுவேல் பேக்கரிடம் 4 போர் துவக்கே இருந்தது. அதன் நிறை 21 இறாத்தல்.

படி 3: இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள், பிறகு கணக்குப் போடுங்கள்

ரி-56 இன் ரவை 7.62×39. நேட்டோ நாடுகள் 1954இல் ஏற்றுக்கொண்டது 7.62×51. பின்னால் வருவது கோதின் நீளம். கோது நீண்டால் மருந்து கூடும், மருந்து கூடினால் வேகம் கூடும்.

சன்னத்தின் வலுவை யூல் கணக்கில் அறிய, அதன் நிறையைக் கிலோகிராமில் எடுங்கள். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வருவதை நிறையாலும் பெருக்கி, பாதியாக்குங்கள். ஓ.எல். படித்த ஞாபகம் இருந்தால் போதும். ரி-56: 8 கிராம், செக்கனுக்கு 715 மீற்றர், ஏறக்குறைய 2,000 யூல். பழைய .303: 11.3 கிராம், 744 மீற்றர், 3,100 யூல். 7.62×51: 9.5 கிராம், 840 மீற்றர், 3,300 யூல். மூன்றும் ஏறத்தாழ ஒரே அகலம், வலுவோ ஒன்றரை மடங்குக்கு மேல் மாறுகிறது. மாமாவின் கேள்விக்கு விடை: ரி-56 இன் ரவையைவிட முந்நூற்றி மூன்று பெரிது, 7.62×51ஐவிடச் சற்றுச் சிறிது. ஆனால் அவர் நினைத்த காரணத்தால் இல்லை.

படி 4: வேலையைக் கேளுங்கள்

சண்டைக்கு என்றால், சிப்பாய் தூக்கி நடக்கும் பாரம்தான் முதல் கேள்வி. 7.62×51 ரவை ஒன்று 24 கிராம் அளவில், 5.56×45 அதில் பாதி. அதே பாரத்துக்கு இரண்டு மடங்கு ரவை கிடைக்கும், உதைப்பும் குறைவு. நேட்டோ 1980இல் சின்ன ரவைக்கும் மாறியதன் பின்னால் இருப்பது இதுதான். கவசம் தடித்ததும், தூரத்தில் அடிக்க வேண்டி வந்ததும் காற்றை மறுபக்கம் திருப்பின. அமெரிக்க இராணுவம் 2022இல் 6.8×51ஐத் தெரிவு செய்தது.

வேட்டைக்குச் சன்னத்தின் மூக்கைப் பாருங்கள். மெல்லிய மூக்கு உடலுக்குள் விரியும், மிருகம் கிடந்து துடிக்காது. அதே விரியும் சன்னத்தைப் போரில் பாவிக்கக் கூடாது என்று 1899 ஹேக் பிரகடனம் சொல்கிறது. கல்கத்தாவுக்குப் பக்கத்துத் தும்தும் ஆயுதசாலையில் .303க்குச் செய்த மூக்குத் திறந்த சன்னம்தான் அந்தத் தடைப் பேச்சின் தொடக்கம். மான் வகைக்கு .243 அல்லது .308 போதும் என்பார்கள். ஆபிரிக்காவில் யானை, எருமைக்கு 1912இல் வந்த .375 எச் அன்ட் எச்.

தூரச் சூட்டுக்கு வலுவைவிடச் சன்னத்தின் உடல்வாகு முக்கியம். ஒல்லியாக நீண்ட சன்னம் வேகத்தை இலேசில் விடாது, பக்கக் காற்றும் அதைக் குறைவாகவே தள்ளும். கச்சான் காற்றுக்குள் சைக்கிள் மிதித்தவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் ரவை, ஆயிரம் மீற்றரில் தன்னைவிடத் தடித்த .308ஐ முந்துவது இதனால்தான். இன்னும் தூரத்துக்கு .338 லாபுவா. 2009இல் ஆப்கானிஸ்தானில் பிரித்தானியச் சிப்பாய் ஒருவர் அதனால் 2,475 மீற்றரில் இலக்கை அடித்தார். பழகத் தொடங்குபவருக்கு இவை ஒன்றும் வேண்டாம். விளையாட்டுச் சூட்டில் 10 மீற்றருக்கு 4.5 மில்லிமீற்றர் காற்றுத் துவக்கு, 50 மீற்றருக்கு .22. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 5: நம் மண்ணைப் பாருங்கள்

"அப்ப பன்றிக்கு ஒரு ரைபிள் எடுத்தா என்ன?" என்றார் மாமா. சட்டத்தை விடுங்கள், முதலில் வட்டையைப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மட்டம், சன்னத்தைப் பிடித்து நிறுத்த ஒரு மேடு கிடையாது. சின்ன .22 சன்னமே ஒன்றரைக் கிலோமீற்றர் போகும், 7.62×51 மூன்றுக்கு மேல். அந்தத் தூரத்துக்குள் அடுத்த வாடியும் மாட்டுப்பட்டியும் இருக்கின்றன. 12 போர் ரவைக்குள் வரும் பெரிய ஈய உருண்டைகள் (எஸ்.ஜி.) முப்பத்தைந்து, நாற்பது மீற்றரோடு நம்பிக்கை இழந்துவிடும். காவல்காரனுக்கு அந்தப் பலவீனம்தான் நல்லது.

சட்டமும் உண்டு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், பயிர்க்காவல் துவக்குக்குக் கச்சேரிக்குத்தான் (மாவட்டச் செயலகத்துக்கு) போக வேண்டும், டிசம்பர் 31 தாண்டினால் அது செல்லாது. கட்டுத்துவக்கு, அதாவது மிருகம் தட்டினால் தானே வெடிக்கக் கட்டிவைக்கும் பொறி, எந்த அளவிலும் குற்றம். அது பன்றிக்கும் மாடு தேடிப்போன பிள்ளைக்கும் பேதம் பார்ப்பதில்லை. யானையைச் சுடுவதும் குற்றம், அதை விரட்ட யானைவெடிப் பட்டாசும் வேலியும்தான்.

படி 6: குழலில் வெட்டியிருக்கும் இலக்கத்தை வாசியுங்கள்

ரவையின் அடியில் உள்ளதும் குழலில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். "உள்ள போகுது, அப்ப சரி" என்பது கொல்லும் பேச்சு. 20 போர் ரவை 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் இறுகி நிற்கும். துவக்கு வெறுமையாகத் தெரியும். பின்னால் 12 ரவையைப் போட்டு இழுத்தால் குழல் இடது கையிலேயே வெடிக்கும். இதற்காகவே 20 போர் ரவையைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

விடிந்ததும் மாமாவின் தகரப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தோம். சிவப்பு ரவைகளுக்கு நடுவில் மங்கிய மஞ்சளில் இரண்டு கிடந்தன. எப்படி வந்தன என்று அவருக்கே தெரியவில்லை.