சோளகக் காற்றில் காங்கேசன்துறைக்கு சைக்கிள் பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு சுமார் 18 கிலோமீற்றர். 1990இல் நின்று, 2015 ஜனவரியில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாதையின் பக்கமாகவே வீதியும் போகிறது. கொக்குவில், சுன்னாகம், தெல்லிப்பழை என்று நிழலுக்கு ஒதுங்க இடமுண்டு.

ஆடி, ஆவணியில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். போகும்போது முதுகில் தள்ளிவிடும், களைப்பே தெரியாது. திரும்பும்போது அதே காற்றை நெஞ்சில் வாங்கி மிதிக்க வேண்டும். பாதிக்கு மேல் தெம்பைத் திரும்பி வருவதற்கென்றே வைத்திருங்கள். விடிய 5.30 மணிக்கே கிளம்புங்கள். தேசிக்காய்ப் புளியும் உப்பும் கலந்த தண்ணீர் இரண்டு போத்தல் வேண்டும். காங்கேசன்துறைக்குப் பக்கத்திலுள்ள கீரிமலைக் கேணியில் முழுகாமல் வராதீர்கள், துவாய் மறக்க வேண்டாம்.

அப்புறம், காவலாளி இல்லாத ரயில் கடவைகளில் இறங்கி, இரு பக்கமும் பார்த்து, சைக்கிளை உருட்டியே கடவுங்கள். பிள்ளைகள் கூட வந்தால் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.