பிள்ளையின் யூடியூபை ஒருமுறை துடைத்துவிடுங்கள்

பத்தாவது படிக்கும் அக்கா மகன், "படிச்சு என்ன ஆகப்போகுது சித்தி, ட்ரேடிங் பண்ணா போதும்" என்றான். அவன் யூடியூபைத் திறந்தால் முகப்பு முழுக்கச் சொகுசுக் காரும் பணக்கட்டும்தான். ஏற்கெனவே பார்த்ததை வைத்துத்தானே அது அடுத்ததைக் காட்டுகிறது! திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அமைப்புகளில் போய்ப் பார்த்த வீடியோக்களின் வரலாற்றைச் சேர்ந்தே அழித்தோம். அப்புறம் அவனுக்கு உயிரான பைக் இன்ஜினைப் பிரித்துப் பூட்டும் வீடியோக்கள் நாலைந்தைத் தேடி முழுசாகப் பார்த்தோம். பழைய சரக்கு மறுபடி எட்டிப் பார்த்தால், மூன்று புள்ளியைத் தொட்டு அந்தச் சேனலையே பரிந்துரைக்க வேண்டாம் என்று கொடுக்கலாம். இன்ஸ்டாகிராமிலும் 2024 கடைசியிலிருந்து பரிந்துரைகளை மொத்தமாக அழித்துப் புதிதாகத் தொடங்க வசதி இருக்கிறது. மொபைல் மட்டும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். பிடுங்கிச் செய்தால் மறுநாளே வேறு கணக்கு தொடங்கிவிடுவார்கள்.