கட்டிங் மாஸ்டருக்கும் லைன் சூப்பர்வைசருக்கும் சண்டை வந்தால்

திருப்பூரில் புதிதாக பனியன் கம்பெனி தொடங்குகிறவர்கள் என்னிடம் ஆள் பிரச்சினையைப் பற்றிக் கேட்டால் முதலில் சொல்வது இதுதான்: சண்டை போட்ட இரண்டு பேரையும் உடனே ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடாதீர்கள். முதலாளி முன்னால் நிற்கும்போது இருவரும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார்கள். சண்டை எந்த பீஸில் தொடங்கியதோ, அந்த டேபிளுக்கு நீங்கள் போங்கள்.

துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டருக்கும், தையல் லைனைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசருக்கும் அடிக்கடி வருகிற சண்டை ஒன்றைச் சொல்கிறேன். "மாஸ்டர் அளவு குறைச்சு வெட்டறாருங்க, சைடு சேர மாட்டேங்குது" என்பார் சூப்பர்வைசர். "பேட்டர்ன்படிதான் வெட்டினேன், தைக்கிறவங்க இழுத்துத் தைக்கறாங்க" என்பார் மாஸ்டர். பேட்டர்ன் என்பது வெட்ட வேண்டிய அளவுக்குச் செய்த மாதிரி அட்டை. இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம். காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி அளவை நிலைப்படுத்துகிற வேலை) முடிந்து வந்த ரோலைப் பிரித்துத் தளர விடாமல், வந்த கையோடு லே போட்டால், அதாவது வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரித்தால், வெட்டிய பிறகு துணி சுருங்கும். லைக்ரா கலந்த துணியில் இது இன்னும் அதிகம். கட்டிங் டேபிளில் சரியாக இருந்த பீஸ், ஓவர்லாக் மிஷினுக்குப் போகும்போது குறைந்திருக்கும். ஒரு நாளாவது விரித்துப் போட்டிருக்க வேண்டும். ஏன் போடவில்லை? டையிங்கிலிருந்து துணி தாமதமாக வந்தது, ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது. அந்தத் தேதிக்கு ஒத்துக்கொண்டது யார்? பெரும்பாலும் முதலாளிதான். ஆக இரண்டு பேர் முட்டிக்கொண்டது மூன்றாவது ஆள் எடுத்த முடிவால்.

எனவே அதே பண்டிலிலிருந்து ஒரு பீஸை எடுத்து, பேட்டர்ன் மேல் வையுங்கள். டேப்பை மாஸ்டர் கையிலேயே கொடுங்கள். அவரே அளந்து சொன்னால் அப்புறம் அதில் விவாதம் இருக்காது. அவரிடம் கண்டித்துச் சொல்ல ஏதாவது இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். லைன் முழுக்கப் பார்க்க ஒரு மாஸ்டரைத் திட்டினால், அடுத்த வாரம் அவர் வேறு கம்பெனியில் இருப்பார்.

அடுத்தது காசு. சண்டை சூடாவது இங்கேதான். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கிற டெய்லருக்கு, பிரித்துத் திரும்பத் தைக்கிற நேரம் வெறும் நஷ்டம். அந்தக் கோபம் சூப்பர்வைசர் மேல் விழும், அவர் அதை மாஸ்டர் மேல் கொட்டுவார். கட்டிங்கிலோ துணியிலோ வந்த குறைக்கு ஆல்ட்ரேஷன் கூலியை (திரும்பத் தைக்கிற கூலியை) கம்பெனி கொடுக்கும் என்று முதலிலேயே தீர்மானித்து, எல்லோருக்கும் தெரிய போர்டில் எழுதிவிடுங்கள். நான் பார்த்தவரை, சமாதானப் பேச்சு எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரிக்குப் பலன் அதிகம்.

ஒடிசா, பீகார் பிள்ளைகள் லைனில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. எந்த சூப்பர்வைசர் மேல் புகாரோ, அவரையே இந்தி மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வேறு செக்‌ஷனிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளை சொன்னதை முழுதாகக் கேட்ட பிறகே சூப்பர்வைசரிடம் பேசுங்கள்.

பேசி முடிக்கவே கூடாத விஷயமும் உண்டு. ஒரு பெண் பாலியல் தொல்லை என்று சொன்னால், டேப்பும் டேபிளும் அங்கே உதவாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் ஒருவர் வெளியாள். புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அந்தப் பெண்ணே கேட்டால் ஒழிய சமரசம் கிடையாது. கேட்டாலும் பணம் கொடுத்துத் தீர்க்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. "குடும்ப மானம்" என்று சொல்லி அவரை அடக்குகிற மேனேஜரை அன்றைக்கே விலக்கி நிறுத்துங்கள்.

மற்ற சண்டைகளுக்கு, சனிக்கிழமை சம்பளம் போடும்போது ஒரு முறை கணக்கைப் பாருங்கள். ஒத்துக்கொண்ட ஆல்ட்ரேஷன் கூலி அந்த டெய்லர் பெயரில் ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால், சம்பளக் கவர் அவர் கைக்குப் போவதற்கு முன்பே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.