கரண்ட் போய் வந்தால் காலியாகும் கண்டெய்னர்

கரண்ட் போய் வந்தாலே, டாக்கரில் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) ஓடும் என் போட்டோ ஆப் கண்டெய்னர் புதிதாக நிறுவியதுபோல் காலியாகத் திறக்கும். ஹோஸ்ட்டில் (டாக்கர் ஓடும் கணினியில்) பார்த்தால் நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) ஷேரில் படங்கள் பத்திரமாக இருக்கும். பெர்மிஷன், யுஐடி (பயனர் எண்), ஃபயர்வால் எல்லாம் நோண்டியதில் மூன்று நாள் வீண்.

ஷேரை அன்மவுண்ட் செய்ததும் (ஃபோல்டரிலிருந்து கழற்றியதும்) பிடிபட்டது: அடியிலிருந்த லோக்கல் ஃபோல்டரில் புத்தம்புது டேட்டாபேஸ்! நாஸ் எழும் முன்பே டாக்கர் கிளம்பி வெறும் ஃபோல்டரைப் பிடித்திருக்கிறது. பைண்ட் மவுண்ட் (ஹோஸ்ட் ஃபோல்டரைக் கண்டெய்னருக்குள் காட்டும் இணைப்பு) இயல்பாக ‘ஆர்பிரைவேட்’ (rprivate: ஹோஸ்ட்டில் பிறகு ஏறும் மவுண்ட் உள்ளே பரவாது) என்பதால், பிறகு என்எஃப்எஸ் (நாஸ் ஷேர்) ஏறினாலும் ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னருக்குத் தெரியாது.

டாக்கரின் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் மென்பொருள்) சர்வீஸ் ஃபைலின் [Unit] பகுதியில் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்’ (RequiresMountsFor) வரி சேர்த்து ஷேரின் பாதையைக் கொடுத்தேன். மவுண்ட் ஆகாவிட்டால் டாக்கர் இனி கிளம்பாது. அன்மவுண்ட் நிலையிலேயே, அந்த டேட்டாபேஸை நகர்த்திவிட்டு, வெறும் ஃபோல்டருக்கு ‘chattr +i’ (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டேன். ரூட் கூட அங்கே எழுத முடியாது.