முதல் நாளே ஒரு வினாத்தாள்

மார்கழி விடுமுறைக்குப் படிப்பு அட்டவணை போடுவதற்கு முன், சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, மணிக்கூட்டை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். விஞ்ஞானம் பகுதி 1 நல்ல தொடக்கம்: 40 கேள்விகள், ஒரு மணித்தியாலம். திருத்திய பிறகு, பிழைத்த கேள்விகள் எந்தெந்தப் பாடத்தில் இருந்து வந்தன என்று கொப்பியில் குறியுங்கள். அதுதான் உங்கள் இலக்குப் பட்டியல்.

"விஞ்ஞானம் படிக்க வேண்டும்" என்று எழுதினால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "மின்னியலில் பிழைத்த 5 கேள்விகளை வெள்ளிக்கு முன் மறுபடி செய்வது" என்றால் முடிந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துத் திருப்திப்படுவதும் நிற்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது அதைத்தான். செலவும் குறைவு, பழைய தாள்களைப் பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் இருந்தே இறக்கலாம். திருவெம்பாவைக்கு விடிய எழும்பும் வீடு என்றால், கோயிலால் வந்த பிறகு கிடைக்கும் அமைதியான ஒரு மணித்தியாலம் இதற்குப் போதும், ரியூசனுக்கும் இடைஞ்சல் இல்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முழுத்தாள் சரிவராது. இன்னும் படிப்பிக்காத பாடமெல்லாம் பிழையாகத் தெரியும், வீணாக மனம் சோர்ந்துவிடும். அவர்கள் முடித்த அலகுகளின் கேள்விகளை மட்டும் பொறுக்கிச் செய்யலாம். தமிழ்க் கட்டுரைக்கும் இது உதவாது. அதை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துத்தான் திருத்த வேண்டும்.