நாடகமும் அரங்கியலும்: கதையை எழுதிவிட்டுப் புள்ளி கேட்காதீர்கள்

இலங்கையின் உயர்தரப் பரீட்சைக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்த பிள்ளைகளின் விடைகளைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். நாங்கள் படித்த காலத்துக் கொப்பிகளை யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்களோ? அதே பிழைகள், அதே இடங்களில். வசனத்தை மறக்காதே, சபைக்கு முதுகு காட்டாதே, வினா இலக்கத்தைச் சரியாகப் போடு என்பவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றைப் பாடசாலையில் காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள்.

இலேசான பாடம் என்று எடுப்பது

கிரேக்கத்தில் தொடங்கி மலையகத்துக் காமன் கூத்து வரைக்கும் படிக்க இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக்குக் கைகொடுக்கும் என்று யாரோ சொன்னதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

கதையை எழுதிவிட்டு அரங்கை மறப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். புள்ளியும் இங்கேதான் அதிகம் போகிறது.

ஒரு மாணவி சோபோக்கிளிஸின் ஈடிப்பஸ் நாடகத்தைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருந்தாள். கிரேக்க அரங்கின் இயல்புகள் அந்த நாடகத்தில் எப்படி வெளிப்படுகின்றன என்பதுதான் கேள்வி. தீப்ஸ் நகரத்துக் கொள்ளைநோயில் தொடங்கி ஒரு சம்பவம் விடாமல் எழுதியிருந்தாள். கையெழுத்தோ முத்து. கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘ஈடிப்பஸ் மேடையிலே தன் கண்களைக் குத்திக்கொள்ளும் காட்சி பார்ப்போர் மனதை உருக்குகிறது.’

மேடையில் அப்படியொரு காட்சியே இல்லை. அது அரண்மனைக்கு உள்ளே நடக்கிறது. ஒரு தூதுவன் வெளியே வந்து நடந்ததைச் சொல்கிறான். ஈடிப்பஸ் அதற்குப் பிறகுதான் பார்வையிழந்தவனாக வெளியே வருகிறான். கிரேக்கத் துன்பியலில் இப்படிப்பட்ட கொடுஞ்செயல்கள் பெரும்பாலும் பார்ப்போர் கண்ணுக்கு மறைவாகவே நடக்கும். கேட்ட கேள்விக்கு விடையே அந்த இடத்தில்தான் இருந்தது. கதையை அவ்வளவு கவனமாகப் படித்த பிள்ளை, யார் எந்த வாசலால் வருகிறார், யார் போகிறார் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வகுப்பில் ஒரு வேலை கொடுக்கிறேன். மூன்று நிறப் பேனைகளை எடுங்கள். மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தவர் சோபோக்கிளிஸ் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். இதை எல்லாரும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறீர்கள். சரி, அந்த மூன்று பேரை மட்டும் கொண்டு ஈடிப்பஸின் எல்லாப் பாத்திரங்களையும் நடித்துக் காட்டுங்கள் பார்ப்போம். ஒரு நிறம் ஒரு நடிகர். பாடகர் குழுவைத் தவிர்த்து, பேசும் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். ஒரே நேரத்தில் மேடையில் நிற்கும் இருவருக்கு ஒரே நிறம் வரக்கூடாது.

ஆரம்பத்தில் சிரமம் இராது. கொரிந்திலிருந்து தூதுவன் வரும் காட்சியில்தான் பேனை நிற்கும். ஈடிப்பஸ், அவன் மனைவி ஜொகாஸ்டா, தூதுவன் என்று மூன்று பேரும் மேடையில். கணவன் தான் பெற்ற மகன்தான் என்ற உண்மை விளங்கியதும் ஜொகாஸ்டா உள்ளே ஓடிவிடுகிறாள். பாடகர் குழு ஒரு பாட்டுப் பாடுகிறது. அப்புறம் வருகிறான் கிழட்டு இடையன். ஈடிப்பஸும் தூதுவனும் மேடையை விட்டு நகரவில்லை. அப்படியென்றால் இடையனாக வருவது யார்? மிஞ்சியிருப்பது ஜொகாஸ்டாவாக நடித்தவர்தான். பச்சைக் குழந்தையான ஈடிப்பஸைக் கொன்றுவிடு என்று தூக்கிக் கொடுத்த தாயும் அதைக் கையில் வாங்கிய இடையனும் ஒரே நடிகர். பாட்டு முடிவதற்குள் முகமூடியையும் உடுப்பையும் மாற்றிக்கொண்டு வருகிறார்.

இதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு ‘முகமூடியின் பயன்கள் ஐந்து’ என்று நோட்ஸ் தேவைப்படாது. பாடகர் குழுவின் பாட்டு அலங்காரத்துக்காக மட்டும் வைத்ததல்ல, நடிகருக்கு நேரமும் வாங்கிக் கொடுக்கிறது என்று தானாகவே எழுதும். அதே மாணவி அடுத்த தவணையில் மூன்று பக்கம்தான் எழுதினாள். முந்திய ஏழு பக்கத்துக்குக் கிடைத்ததைவிடக் கூடிய புள்ளி.

எந்த நாடகத்தை எடுத்தாலும் முதல் வாசிப்பில் இவற்றைக் குறித்து வையுங்கள்: யார் எந்தப் பக்கத்தால் வருகிறார், அப்போது மேடையில் யார் நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது, பார்ப்போர் எங்கே இருக்கிறார்கள். கதை தானாக நினைவில் நிற்கும்.

வடமோடி, தென்மோடி அட்டவணை

கூத்தின் இரண்டு மோடிகளை ஒப்பிடும் இந்த அட்டவணையும் மேலே சொன்ன பிழையின் தம்பிதான். நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் வடமோடி, அந்தப் பக்கம் தென்மோடி. வடமோடி உடுப்பு பாரமானது, தென்மோடி உடுப்பு பாரம் குறைந்தது. சரி, அதனால் ஆட்டத்துக்கு என்ன நடக்கிறது? அட்டவணையில் அதற்கு இடமில்லை.

மட்டக்களப்புப் பக்கத்து மாணவன் ஒருவன். அவனுடைய மாமா வடமோடியில் கரப்பு என்ற பாரமான உடுப்பைக் கட்டி அரசனாக ஆடுபவர். பேச்சுவாக்கில் சொன்னான்: “விடிய கரப்புடுப்பைக் கழட்டினா மாமாட இடுப்பில தழும்பு கிடக்கும், ரீச்சர்.”

“இதை ஏன் மகன் விடையில எழுதல்ல?”

“அது நோட்ஸில இல்லையே.”

இதற்கு நான் என்ன சொல்ல? ஆளாளுக்குப் பாத்திரத்தைப் பங்கிடும் சட்டம் கொடுப்பது முதல் சதங்கை அணிவது, ஒத்திகையாக அடுக்குப் பார்ப்பது, அரங்கேற்றம் வரைக்கும் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை, கூத்தே பார்க்காத ஒருவர் எழுதிய குறிப்பை நம்புகிறது.

கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்த பேராசிரியர் சு. வித்தியானந்தனைப் பற்றிய கேள்விக்கும் இதுவே கதி. கர்ணன் போர் எந்த ஆண்டு, இராவணேசன் எந்த ஆண்டு என்று ஆண்டுகள் வரிசையாக வரும். 1956இல் சரச்சந்திர மேடையேற்றிய சிங்கள நாடகமான ‘மனமே’ அவருக்கு உந்துதலாக இருந்தது என்பதும் வரும். ஆனால் விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குள் கொண்டுவந்தபோது என்ன மாறியது? சுற்றிவர இருந்த சனத்துக்காகச் சுழன்று ஆடியவர் இப்போது ஒரு பக்கத்தைப் பார்த்து ஆட வேண்டும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் களரியின் நடுவில் நின்றார்கள். மேடையில் அவர்கள் எங்கே போவது? ஆண்டு தெரியாவிட்டால் ஒரு புள்ளி போகலாம். இது தெரியாவிட்டால் கேள்வியே போய்விடும்.

கட்டியகாரன் வந்தால் பிரெக்ட் என்று எழுதுவது

கூத்தில் கட்டியகாரன் சபையைப் பார்த்துப் பேசுகிறான், ஆகவே அது பார்ப்போரைக் கதையில் மூழ்கவிடாத தூரப்படுத்தல், ஆகவே ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டுக்கு முன்பே அவருடைய காவிய அரங்கு எங்களிடம் இருந்தது என்று எழுதுவார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிதான் சரி. 1935இல் மொஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்பாங்கின் நடிப்பைப் பார்த்துவிட்டுச் சீன நடிப்பைப் பற்றி எழுதியவர் பிரெக்ட். கிழக்கின் அரங்கிலிருந்து தான் எடுத்துக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. உத்தி ஒன்றுபோல இருக்கலாம், நோக்கம் வேறு. பார்ப்பவர் சமூகத்தைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது பிரெக்டின் தேவை. கட்டியகாரன் அரசனின் வரவைச் சொல்லிச் சபையை ஆயத்தப்படுத்துகிறான். ஒற்றுமையை எழுதிவிட்டு இந்த வேறுபாட்டையும் எழுதினால்தான் அது ஒப்பீடு.

பிரெக்ட் உணர்ச்சியையே விலக்கினார் என்றும் எழுதாதீர்கள். அவர் விரும்பாதது உணர்ச்சியில் மயங்கி யோசனையை விட்டுவிடுவதை.

யூரியூபில் கூத்துப் பார்ப்பது

கமெரா காட்டுவதைத்தான் பார்ப்பீர்கள். போய்ப் பாருங்கள்.

குழுவில் எல்லோரும் நெறியாளர்

ஒருவர் போதும்.

செய்முறைப் பரீட்சையில் அழுவது

கண்ணீர் வந்தால் புள்ளி வரும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆளுக்கொரு சாவு, ஆளுக்கொரு ஒப்பாரி. வரிசையில் நாலாவது பிள்ளை தரையில் விழுந்து கதறும்போது பார்ப்பவருக்கு அடுத்தது யார் என்ற யோசனைதான் வரும். குரல், உடல், வெளியைப் பயன்படுத்தும் விதம் ஆகியவற்றைக் காட்டத்தான் அந்தச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவருடைய பை கனக்கிறது, செருப்பு அறுந்திருக்கிறது, பேருந்து நிற்காமல் போகிறது. இதைப் பொருள் எதுவும் இல்லாமல் செய்து பாருங்கள். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும்போது தோளும் மாற வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கை மட்டும்தான் மாறுகிறது. அதைத் திருத்தவே ஒரு வாரம் பிடிக்கும். அழுகையைப் பிறகு பார்க்கலாம்.